நன்றி நாற்காலி

இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கைகுலுக்கச் சொல்லித் தருவதற்கென்றே ஒரு கல்லூரி சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வைத்திருந்தது. பாடத்தின் பெயர் ‘பிற பண்பாட்டினரோடு பேசிப் பழகுதல்’. அதை நடத்தியவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கைகுலுக்கி. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அவர் வரிசையாக எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிப் பார்ப்பார். “இது என்ன, ஈரத்துணி மாதிரி தொங்குது? அழுத்திப் பிடி. கண்ணைப் பாரு” என்பார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு அது விளையாட்டு இல்லை.

வகுப்பு மாடியில், கடைசி அறையில். எந்தப் படத்தைப் போட்டாலும் மூலையில் ஒரு ரோஜா நிறத் திட்டு விழுகிற புரொஜெக்டர், சத்தம் போடுகிற அளவுக்குக் காற்று தராத மின்விசிறி, வெள்ளைப் பலகையில் முந்தின வகுப்புக்காரர் அழிக்காமல் விட்டுப் போன கணக்கு. இவற்றுக்கு நடுவில் ஒரு சுழல் நாற்காலி. அதற்கு அவர் வைத்த பெயர் நன்றி நாற்காலி. அதில் ஒருவர் உட்கார வேண்டும். மற்றவர்கள் எழுந்து அவருடைய குறையைச் சொல்ல வேண்டும். பூசி மெழுகக் கூடாது, முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் மறுத்துப் பேசவோ, காரணம் சொல்லவோ, முகத்தைச் சுளிக்கவோ கூடாது. ‘நன்றி’ என்ற ஒரே சொல்தான் சொல்லலாம்.

“அங்கெல்லாம் இப்படித்தான். மேலதிகாரியா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. அவரும் தேங்க்ஸ்னு சொல்லிட்டு வேலையைப் பார்ப்பாரு. நம்மள மாதிரி மூணு நாள் பேசாம திரிய மாட்டாங்க” என்பார் கைகுலுக்கி.

‘அங்கெல்லாம்’ என்று அவர் சொல்லும் தோரணையைப் பார்த்தால், நேற்றுத்தான் அங்கிருந்து வந்து இறங்கி, இன்னும் தூக்கம் சரியாகாதவர் போல இருக்கும். அவர் அங்கு போனதாக ஒருநாளும் பொய் சொன்னதில்லை. போனதில்லை என்றும் சொன்னதில்லை. பிள்ளைகளாக நினைத்துக்கொண்டால் அதற்கு அவரா பொறுப்பு?

உண்மையில் அவர் இரண்டு முறை விசாவுக்குப் போய் இரண்டு முறையும் திரும்பி வந்தவர். முதல் முறை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி கேள்வி கேட்டபோது மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார். எதையோ மறைக்கிறான் என்று அந்த ஆள் நினைத்திருக்க வேண்டும் என்பது பின்னால் புத்தகங்களைப் படித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டாம் முறை கண்ணைப் பார்த்தே பேசினார். அப்போதும் இல்லை என்றார்கள். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் இந்தப் பாடத்தின் மீது அவருக்கு இருந்த வெறி. தன் பிள்ளைகள் யாரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்கக் கூடாது என்று நினைத்தார். அது நல்ல நினைப்புத்தான், அதைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கதை அவர் மனைவிக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும், அவர் பிரின்சிபால்.

அதை அவரிடம் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று இவர்களோடு கூட்டுச் சேரப் போகிறது. கைகுலுக்கியின் பாடம் அதில் முதல் பாடம். அதற்கு ஒரு நிரந்தர இடம் வருகிறது. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தரச் சொல்லிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற மனிதருக்கு அந்த ஒரு இடம்தான் வாழ்நாளின் கடைசி வாய்ப்பு. “அந்த ஊர்ப் பேராசிரியையம்மா ஸ்கிரீன்ல உங்க டெமோ கிளாஸைப் பார்ப்பாங்க. நல்லபடியா முடிச்சிடுங்க. அப்புறம் உங்க ஃபைலை நானே தூக்கிட்டுப் போறேன்” என்றார் பிரின்சிபால். பேச்சோடு பேச்சாக, “ஆமா, நீங்க எந்தெந்த ஊருக்குப் போயிருக்கீங்க?” என்று கேட்டார். இவ்வளவு அன்பாகப் பேசுகிறவரிடம் மறைப்பானேன் என்று கைகுலுக்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிரின்சிபால் ‘அடடா’ என்று இரண்டு முறை சொன்னார்.

வீட்டிலும் இதே பேச்சுத்தான். அவர் மனைவி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வேறு ஊரில் ஒரு கூடத்துக்கே தலைமையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. போன ஆண்டும் வந்தது. ‘இவருக்கு இங்கே நிரந்தரமாகிவிடும்’ என்று நம்பி வேண்டாம் என்றாள். ஆகவில்லை. இந்த ஆண்டும் வேண்டாம் என்றால் இனிமேல் கேட்கவே மாட்டார்கள்.

“இங்க பாருங்க, எனக்கு ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. கெடைக்குமா?” என்றாள் டெமோ வகுப்பன்று காலை, தலையைச் சீவிக்கொண்டே.

“கெடைக்கும்.”

“நிச்சயமா?”

“பிரின்சிபாலே சொல்லிட்டார்ங்கறேன், அப்புறம் என்ன? வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு.”

அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு கிளம்பிப் போனாள்.

அந்த வாரத்தில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இறுதியாண்டில் ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் அவளை ரேடியோ என்பார்கள். ஒரு பேனா கடன் கேட்க வந்தாலும் வானிலை, உடல்நலம், உள்ளூர்ச் செய்தி எல்லாம் வாசித்து முடித்துவிட்டுத்தான் பேனாவுக்கு வருவாள். கெட்டிக்காரி. வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஒரு பருவம் படிக்கப் போக வகுப்பில் ஒருவருக்குத்தான் இடம். அது அவளுக்குத்தான் என்று பேச்சு. பிரின்சிபால் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவளுடைய சுற்றுப் பேச்சை ஒடித்து நேராக்குவதே தன் ஆண்டுப் பணி என்று கைகுலுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

டெமோவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். அறையில் நீள மேசை. கைகுலுக்கிக்கு எதிர் நாற்காலியில் ஏர்போர்ட் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவன் பிரின்சிபாலின் மனைவியுடைய அண்ணன் மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, ஒரு பருவத்துக்கு மட்டும் என்று சொல்லி வகுப்பெடுக்கிறவன். வந்து இத்தனை மாதமாகியும் பையில் விமானக்காரன் ஒட்டிய சீட்டை அவன் கிழிக்காததால் அந்தப் பெயர்.

“சார், சாப்டீங்களா?” என்றாள் ரேடியோ.

“ம்.”

“வெயில் என்னமா அடிக்குது பாத்தீங்களா? வராந்தாவுல நிக்க முடியல.”

“விஷயம் என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார். கீழ நோட்டீஸ் போர்டுல என்னமோ தப்பா ஒட்டியிருக்காங்க. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?”

“என்ன தப்பு?”

“வந்து பாத்தா தெரியும் சார்.”

கைகுலுக்கி விரலை உயர்த்தினார். “முதல் வாக்கியம்! முதல் வாக்கியத்துல விஷயம் எங்க? அங்க போய் ஒரு மேனேஜர் முன்னாடி நின்னுக்கிட்டு வெயிலைப் பத்திப் பேசினா, கடிகாரத்தைப் பார்ப்பான். நோட்டீஸ் போர்டுக்கு ஆபீஸ்ல ஆள் இருக்கு. போ.”

ஏர்போர்ட் வாயில் சுளையோடு சிரித்தான். ரேடியோ அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாளும் வந்தாள். அன்றைக்கும் ஏர்போர்ட் அதே இடத்தில்.

“சார், நாளைக்கு நீங்க லீவு போட்டா என்ன சார்?”

“என்னது?”

“இல்ல சார், உங்களுக்கு முகமெல்லாம் வாடின மாதிரி இருக்கு. கிளாஸை ஒரு வாரம் தள்ளி வெச்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அந்த நாற்காலி வேற ஆடுது சார். அதுல யாரும் உக்காராம இருந்தா நல்லது.”

“நாற்காலி ஆடுதா? நேத்துத்தான் கார்பெண்டர் பாத்துட்டுப் போனான். உனக்குப் பயமா இருக்கு, மேடைப் பயம். அதை நேரா சொல்லத் தெரியாம என் உடம்பைப் பிடிச்சு இழுக்கற.” அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “வெளிய போ. கதவைத் தட்டு. உள்ள வா. சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்துல சொல்லு.”

போனாள், தட்டினாள், வந்தாள். ஏர்போர்ட் உரிப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்றாள். பார்வை ஏர்போர்ட் பக்கம் போய் வந்தது.

“ஒண்ணுமில்ல சார். ஆல் தி பெஸ்ட்.”

“பாத்தியா? இதுதான் பேச்சு!” என்று கைகுலுக்கி மேசையைத் தட்டினார். அவளுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்துவிட்ட மகிழ்ச்சியில் அன்று மாலை மனைவியிடம்கூட இதைச் சொல்லிச் சிரித்தார்.

டெமோ வகுப்பு நன்றாகத்தான் தொடங்கியது. திரையில் வெளிநாட்டுப் பேராசிரியை வந்தாள். நரைத்த கிராப்பு, பின்னால் ஓர் அலமாரி நிறையப் புத்தகம். கடைசி வரிசையில் பிரின்சிபாலும் ஏர்போர்ட்டும். வகுப்பு இங்கிலீஷில்தான் நடந்தது. கைகுலுக்கி நாற்காலியின் கதையைச் சொல்லி முடித்து, யாரை உட்கார வைக்கலாம் என்று வரிசையைப் பார்த்தார்.

“முதல்ல வாத்தியார் உக்காந்து காட்டட்டுமே. பிள்ளைங்களுக்குத் தைரியம் வரும்” என்றார் பிரின்சிபால் பின்னாலிருந்து.

“அருமையான யோசனை” என்றாள் திரையில் இருந்தவள்.

கைகுலுக்கிக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உட்கார்ந்தார். ஒரு பையன் எழுந்து, “வேகமா பேசறீங்க சார்” என்றான். நன்றி. இன்னொருத்தி, “போர்டுல எழுதறது பின்னாடி தெரியல” என்றாள். நன்றி. வகுப்பில் சிரிப்பு. அவரும் சிரித்தார். எல்லாம் அவர் மனக்கணக்குப்படியே போய்க்கொண்டிருந்தது.

ரேடியோ எழுந்தாள். வெயில் இல்லை, சாப்பாடு இல்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்தாள்.

“நீங்க அந்த ஊர் எதுக்கும் போனதே இல்ல சார். ரெண்டு தடவை விசா கேட்டு ரெண்டு தடவையும் இல்லைன்னுட்டாங்க. போகாத ஊரைப் பத்தித்தான் எங்களுக்கு வருஷம் பூரா பாடம் எடுத்தீங்க.”

முன்வரிசைப் பையன் ஒருவன் வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தான். கைகுலுக்கி எவ்வளவோ சொல்லலாம். தான் படித்த புத்தகங்களைச் சொல்லலாம், அங்கே வேலை பார்க்கும் பழைய மாணவர்களை மணிக்கணக்கில் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டதைச் சொல்லலாம், அவர் அனுப்பிய பிள்ளைகள் யாரும் அங்கே தலைகுனிந்து நின்றதில்லை என்று சொல்லலாம். ஆனால் சட்டம் அவர் போட்டது.

“நன்றி” என்றார்.

வெளிநாட்டுக்காரி கைதட்டினாள். இத்தனை துணிச்சலான மாணவியையும் இத்தனை பணிவான ஆசிரியரையும் தான் பார்த்ததே இல்லை என்றாள். அவள் கண்ணில் நீர்கூட வந்திருந்தது. பிரின்சிபாலும் தட்டினார். அதனால் வகுப்பே தட்டியது. அந்தக் கைதட்டல் முடிகிறவரை அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

மதியம் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார்.

“வாங்க வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா? கிளாஸ் பிரமாதம். வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே? உங்களுக்குத்தான் தொண்டை ரொம்பக் கட்டியிருக்கு. எத்தனை வருஷமா கத்திக்கிட்டே இருக்கீங்க. கொஞ்சம் ஓய்வும் வேணுமில்ல மனுஷனுக்கு? சின்னப் பசங்களுக்கு நாமதானே வழி விடணும்?”

நேராக இல்லை என்று சொல்லாதவர்கள் எந்த வரிசையில் இல்லை என்று சொல்வார்கள் என்பதைக் கைகுலுக்கி படம் போட்டே வகுப்பில் காட்டியிருக்கிறார். முதலில் பாராட்டு, பிறகு குடும்பம், அப்புறம் உடம்பு, கடைசியில் கத்தி. பிரின்சிபால் ஒன்றையும் விடவில்லை.

“அந்த எடம் உங்க மச்சினர் பையனுக்கா சார்?”

“யார் சொன்னா? கமிட்டி இருக்கு, பாத்து முடிவு பண்ணுவாங்க. அங்க இருந்துட்டு வந்த ஆள்னா நல்லதுன்னு அந்தம்மாவே சொல்றாங்க. பொண்ணு சொன்னது அவங்க காதுல விழுந்துருச்சே, நான் என்ன பண்ணட்டும்?”

“விசா விஷயம் இந்தக் கல்லூரியில உங்க ஒருத்தருக்குத்தான் சார் தெரியும்.”

“அப்படியா?” என்று பிரின்சிபால் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். “எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லையே.”

கைகுலுக்கி படியிறங்கி வந்தபோது ரேடியோ கீழே நின்றிருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வாம்மா. கையெழுத்து ஆச்சா?”

“ஆச்சு சார்.”

“சந்தோஷம். நல்லா இரு.”

“சார், போன வாரமே பிரின்சிபால் என்னைக் கூப்ட்டு சொன்னார் சார். இதை நீ சொன்னா நீ போற, இல்லேன்னா வேற பொண்ணு போவும்னார். பாடத்துல இருக்கறதுதானே, தப்பில்லைன்னார்.”

“என்கிட்ட சொல்லியிருக்கணும். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்!”

அவள் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

“ரெண்டு நாள் வந்தேனே சார். அவரோட மச்சினர் மகன் எதிர்லயே உக்காந்திருக்கார். எப்படி சார் ஒடைச்சுச் சொல்றது? கீழ வாங்கன்னேன், வரல. லீவு போடுங்கன்னேன், திட்டினீங்க. நாற்காலியில உக்காராதீங்கன்னுகூடச் சொன்னேன். ஒரே வாக்கியத்துல சொல்லுன்னு வாசல்ல நிக்க வெச்சீங்க.”

அவர் நோட்டீஸ் போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க கீழ வந்திருந்தா நான் சத்தியமா சொல்லியிருக்க மாட்டேன் சார்” என்றாள். பிறகு, “தெரியல. சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கறேன்” என்றாள்.

“போ. பஸ் போயிடும்” என்றார்.

வீட்டில் மனைவி அவருக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், குழாய் ஒழுகுகிறது என்றார், இந்த வருடம் தூசி அதிகம் என்றார்.

“கெடைக்கல. அவ்வளவுதானே?” என்றாள் அவள்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“காலையில போனதும் முதல் வேலையா வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்” என்றாள். அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, உள்ளே போய் விளக்கை அணைத்துக்கொண்டாள்.

பருவம் முடிகிறவரை வரச் சொன்னார்கள். பாடத்தையெல்லாம் ஏர்போர்ட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டுமாம். கைகுலுக்கி போனார். போகாமல் என்ன செய்வார்? பிரின்சிபாலை மனதுக்குள் கண்டபடி திட்டிக்கொண்டு போனார். நன்றிகெட்ட பெண் என்று ரேடியோவையும் திட்டினார். அவள் முந்தின நாளே தெளிவாகச் சொல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம், உலகத்தில் எவனுக்கும் அந்தப் பேச்சு புரிந்திருக்காது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அந்தக் கோபம் இருந்ததால்தான் காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்ள முடிந்தது.

ஏர்போர்ட் கெட்டவன் இல்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், குறித்துக்கொண்டான். ஒருநாள் ஆசிரியர் அறையில் அவர் மடிக்கணினியில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, பேனாவை வைத்துவிட்டுச் சொன்னான்.

“சார், நான் நேரா பேசறவன், தப்பா நெனைக்காதீங்க. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு அந்தப் பொண்ணு வந்து நின்னப்ப எல்லாம் போச்சுன்னு நெனைச்சேன். மாமாவுக்கு அப்பவே போன் போடப் பாத்தேன், காரியம் கெட்டுச்சுன்னு. நீங்கதான் அவளைப் பேசவே விடாம வெரட்டிட்டீங்க.”

“ஒனக்குப் புரிஞ்சுதா, அவ சொன்னது?”

“இதுல புரியறதுக்கு என்ன சார் இருக்கு? நாளைக்கு வராதீங்க, அந்த நாற்காலியில உக்காராதீங்கன்னு ஒரு பொண்ணு வந்து கெஞ்சுது. நான் உங்க முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன், இப்ப எழுந்திரிப்பாரு, இப்ப எழுந்திரிப்பாருன்னு.”

கைகுலுக்கி திரையில் இருந்த படத்தைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குப் படிக்க வரவில்லை. வேலையை எடுத்துக்கொண்டார்கள், மனைவியின் பதவி போயிற்று. கோபம் ஒன்றாவது தனக்கென்று மிச்சம் இருப்பதாக அவர் நினைத்திருந்தார். அதையும் இவன் குறிப்புகளோடு சேர்த்து வாங்கிக்கொண்டுவிட்டான்.

“அடுத்தது சொல்லுங்க சார்” என்றான் ஏர்போர்ட், பேனாவை எடுத்துக்கொண்டு.

அவர் அடுத்த படத்துக்குப் போனார்.